படிப்பு ஏறாத மண்டை உண்டா?

(விருதுநகர் வட்டாரத்துக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது சாமியைப் பற்றிய விஷயமும் அல்ல, சர்க்காரைப் பற்றிய விஷயமும் அல்ல. மனிதனுடைய ஞாபகம் என்பது என்ன, அவன் எப்படிக் கற்றுக்கொள்ளுகிறான், குழந்தைப் பருவத்திலிருந்து அவன் புத்தி எப்படி வளருகிறது என்பவைகளைப் பற்றி மனோதத்துவ ஆராய்ச்சிக்காரர்கள் கண்டறிந்திருக்கிற சில சங்கதிகளைச் சொல்லலாம் என்றுதான் வந்திருக்கிறோம். ஆனால் பேசப் பேச, சாமியும் சர்க்காரும் தாமாகவே இதற்குள் வந்து சேர்ந்துகொள்ளும். அதற்கு நாம் ஜவாப்தாரியல்ல.

இந்த ஊர், சுயமரியாதைக்காரர்களின் மூன்றாவது மாகாண மாநாடு 1931-ல் கூடிய ஊர். ஆகவே உங்களுக்குப் புதிதாகப் பகுத்தறிவைப் பற்றி முன்னுரை சொல்லவேண்டிய அவசியமில்லை. நேரே விஷயத்திற்கு வருகிறோம்.

இந்தக் கரிசல் சீமையில் ஒரு பேச்சு உண்டு. பையன் ஒரு பரீட்சையில் தவறிவிட்டாலும், பெண் வாய்ப்பாடு சொல்லத் தடுமாறினாலும், "இதுக்குப் படிப்பு ஏறாது; வேலைக்குப் போட வேண்டியதுதான்" என்று வீட்டுப் பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். தீப்பெட்டி ஆபீசு இருக்கிறது, பட்டாசு ஆலை இருக்கிறது, அச்சாபீசு இருக்கிறது. தீர்ப்பை நிறைவேற்ற அதிக தூரம் போகவேண்டியதில்லை. ஏன் ஏறாது என்று கேட்டால் மூன்றுவிதமான பதில் வரும். ஒருவர் "தலையெழுத்து" என்பார். இன்னொருவர் "போன ஜன்மத்து வாசனை வேண்டும், விட்ட குறை தொட்ட குறை" என்பார். மூன்றாமவர் கொஞ்சம் படித்தவராய் இருப்பார். அவர் "பரம்பரையிலேயே இல்லை, அது ரத்தத்தில் வரவேண்டும்" என்பார். மூன்று பேரும் சொல்லுவதன் கருத்து ஒன்றுதான். அதாவது, பள்ளிக்கூடத்தின் மேல் குற்றமில்லை, பசியின் மேல் குற்றமில்லை, பிள்ளையின் நேரத்தைப் பிடுங்கிக்கொண்டவர்கள் மேலும் குற்றமில்லை. குற்றமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் இருக்கிறது என்பதேயாகும். யாரும் போய்க் கேள்வி கேட்க முடியாத இடமாகப் பார்த்துக் குற்றத்தைப் போட்டுவிடுவதில் நம்மவர்களுக்கு உள்ள சாமர்த்தியம் வேறு யாருக்கும் வராது.

நிற்க, ஞாபகம் என்பது வரமா, உழைப்பா என்பதை முதலில் பார்ப்போம்.

ஜெர்மனி தேசத்தில் எபிங்ஹவுஸ் என்று ஒருவர் இருந்தார். ஞாபகத்தை அளந்து பார்க்க முடியுமா என்ற கேள்வி அவருக்கு வந்தது. நெல்லை மரக்காலில் அளக்கலாம், துணியை முழம் போட்டு அளக்கலாம். ஞாபகத்தை எதைக்கொண்டு அளப்பது? அவர் தம்மையே பரிசோதனைக்கு வைத்துக்கொண்டார். அர்த்தமுள்ள சொற்களை எடுத்தால் முன்னமே தெரிந்த சங்கதி கலந்துவிடும் என்று கருதி, "கப்", "தெச்", "நுல்" என்பதுபோல அர்த்தமே இல்லாத அசைகளாக இரண்டாயிரத்துக்கு மேல் தயார் செய்தார். அவைகளை வரிசை வரிசையாய் அடுக்கி, பிழையில்லாமல் சொல்லும்வரை மனப்பாடம் செய்தார். பிறகு சிறிது காலம் விட்டுவிட்டு, அதே வரிசையை மறுபடியும் மனப்பாடம் செய்ய எவ்வளவு நேரம் பிடிக்கிறது, முதல் தடவையைவிட எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கெடுத்தார். இப்படி வருஷக்கணக்காய்ச் செய்து 1885-ல் புத்தகமாய் வெளியிட்டார்.

கண்டது என்ன? இருபது நிமிஷம் கழித்துப் பார்த்தால் நூற்றுக்கு 58 பங்கு உழைப்பு மிச்சமாயிற்று. ஒரு மணி நேரத்தில் அது 44 ஆயிற்று. ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. அதாவது, மறதி என்பது ஆரம்பத்தில் வெள்ளம்போல் அடித்துக்கொண்டு போகிறது. பிறகு வேகம் தணிந்து, மிச்சம் இருப்பது வெகுநாள் கிடக்கிறது. இது படித்த ஜெர்மன்காரருக்கு நேர்ந்த கதி என்பதைக் கவனியுங்கள். நம் பையன் சாயங்காலம் படித்ததைக் காலையில் பாதி மறந்துவிட்டான் என்றால், "மண்டையில் ஏறவில்லை" என்று அடிக்கிறோமே, அவனுக்கு நடந்தது பேராசிரியருக்கு நடந்ததேதான். மறதி ஊனமல்ல, எல்லா மண்டைக்கும் பொதுவான வழக்கம்.

அவர் கண்ட இன்னொரு சங்கதிதான் நமக்கு மிகவும் உபயோகமானது. ஒரு வரிசையை ஒரே நாளில் 68 தடவை திருப்பிச் சொல்லுவதனால் எவ்வளவு பலன் கிடைத்ததோ, அவ்வளவு பலன் மூன்று நாளில் பிரித்து 38 தடவை சொன்னாலே கிடைத்துவிட்டது. முப்பது தடவை லாபம்! வியாபாரம் தெரிந்த விருதுநகர்க்காரருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பரீட்சைக்கு முன்னாள் இரவு மூன்று மணிவரை கண்விழிப்பவன் நஷ்ட வியாபாரம் செய்கிறான். நாலு நாளைக்கு முன்னால் தினம் அரைமணி எடுத்தவன் லாப வியாபாரம் செய்கிறான். கண்விழிப்பதிலும் நஷ்டமிருக்கிறது. 1924-ல் அமெரிக்காவில் கார்னெல் கலாசாலையில் சோதித்துப் பார்த்ததில், மனப்பாடம் செய்துவிட்டுத் தூங்கினவர்கள் விழித்துக்கொண்டே இருந்தவர்களைவிட அதிகமாய் ஞாபகம் வைத்திருந்தார்கள். பின்னால் வந்த ஆராய்ச்சிகளும் தூக்கத்திலேதான் மூளை அன்றைய பாடத்தை உறுதிப்படுத்திக்கொள்ளுகிறது என்று சொல்லுகின்றன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறோம். புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, படித்ததைத் தானே எழுதிப் பார்ப்பதும் பிறர் கேட்கச் சொல்லிப் பார்ப்பதும் அதிக நாள் நிற்கும். 2006-ல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் மாணவர்களை இரு பிரிவாக்கிப் பார்த்தார்கள். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திருப்பித் திருப்பிப் படித்தவர்களே ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்துச் சொல்லிப் பார்த்தவர்கள் ஜெயித்தார்கள். ஆகவே பிள்ளைகளை ஒருவரையொருவர் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்கூட, "இன்னைக்கு என்ன பாடம், எனக்குச் சொல்லு பார்ப்போம்" என்று அடுப்படியில் இருந்தபடியே கேட்கலாம். அது ஒரு டியூஷனுக்குச் சமானம், சம்பளமும் இல்லை.

இவ்வளவும் இப்படியிருக்க, நம் வீடுகளில் நடப்பது என்ன? கல்விக்கென்று ஒரு பூசை வைத்து, அந்த நாளில் புத்தகங்களையெல்லாம் அடுக்கி, சந்தனம் பூசி, "இன்றைக்கு யாரும் படிக்கக்கூடாது" என்று சட்டம் போடுகிறோம். பரீட்சைக் காலம் வந்தால் பேனாவைக் கொண்டுபோய்ச் சன்னிதியில் வைத்து வாங்கி வருகிறோம். பேனாவுக்கு அருள் கிடைத்து என்ன பிரயோஜனம்? பதில் எழுதவேண்டியவன் பேனாவைப் பிடித்திருப்பவன் அல்லவா?

இனி, ஞாபகம் ஒரே ஜாதிப்பட்டதல்ல என்பதைச் சொல்லுகிறோம். (ஜாதி என்றதும் பயப்படவேண்டாம், இது பிறப்பால் வந்த ஜாதியல்ல, வேலையால் வந்த பிரிவு.) அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற ஒருவருக்குத் தீராத வலிப்பு நோய் இருந்தது. 1953-ல், அவருக்கு 27 வயது நடக்கும்போது, வலிப்பை நிறுத்துவதற்காக மூளையின் உட்பக்கத்தில் இரு புறமும் ஒரு பாகத்தை வெட்டி எடுத்தார்கள். வலிப்புக் குறைந்தது. ஆனால் அன்றுமுதல் 2008-ல் சாகிறவரையில், புதிதாய் நடக்கிற எந்தச் சம்பவமும் அவர் மனதில் நிற்கவில்லை. காலையில் பார்த்த ஆளை மத்தியானம் தெரியாது. வருஷக்கணக்காய்த் தம்மைச் சோதித்த பிரெண்டா மில்னர் என்ற அம்மையாரை ஒவ்வொரு நாளும் புதியவராகவே பார்த்தார். அந்த அம்மையார் அவரிடம் ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரப் படத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு இழுக்கவேண்டும். வீட்டில் செய்து பாருங்கள். கை எதிர்ப்பக்கம் ஓடும். முதல் நாள் அவருக்கும் அப்படித்தான் ஓடியது. மூன்று நாளில் நன்றாய் இழுக்கப் பழகிவிட்டார். ஆனால் ஒவ்வொரு நாளும், "நான் இதைச் செய்ததே இல்லையே" என்றார்!

இதிலிருந்து தெரிவது என்ன? நடந்ததை நினைவில் வைக்கும் ஞாபகம் வேறு, கைப்பழக்கமாய் நிற்கும் ஞாபகம் வேறு. இரண்டுக்கும் மூளையில் இடம் வேறு வேறு. "ஆத்மாதான் எல்லாவற்றையும் நினைக்கிறது" என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்லவேண்டும். மூளையில் விரல் அளவு சதையை எடுத்தவுடனே நினைவு நின்றுபோகிறது என்றால், ஆத்மா அத்தனை நாளும் எங்கே ஒளிந்திருந்தது?

இதை இந்த ஊர்ச் சங்கதியோடு சேர்த்துப் பாருங்கள். பள்ளம் வெட்டிய மரக்கட்டையில், பள்ளத்துக்கு ஒரு குச்சியாய்த் தீக்குச்சி அடுக்குகிற வேலையை உங்களில் பலரும் செய்திருப்பீர்கள், அல்லது பார்த்திருப்பீர்கள். பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே, கை பாட்டுக்கு அடுக்கும். அந்த வேகம் ஒரு நாளில் வந்ததல்ல. "படிப்பு ஏறாது" என்று முத்திரை குத்தப்பட்டு அந்தக் காலத்தில் அங்கே உட்காரவைக்கப்பட்ட பத்து வயதுப் பெண், சில நாளிலேயே அந்த வேகத்தைக் கற்றுக்கொண்டாள் அல்லவா? கற்றுக்கொள்ளச் சக்தியில்லாத மண்டை அதை எப்படிக் கற்றது? அவளிடத்தில் சக்தியில்லை என்பது பொய். சக்தி முழுவதையும் விரலுக்குக் கொடு, எழுத்துக்குக் கொடுக்காதே என்று பிறர் செய்த ஏற்பாடுதான் நிஜம்.

அடுத்து, குழந்தையின் வளர்ச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். பிறந்த குழந்தையின் மூளை சுமார் 350 கிராம் எடை. வளர்ந்த மனிதனுக்கு 1,300, 1,400 கிராம். இந்த வித்தியாசம் எப்போது நிரம்புகிறது என்பதுதான் முக்கியம். இரண்டு வயதுக்குள்ளேயே முக்கால் பங்குக்கு வந்துவிடுகிறது. ஆறு வயதுக்குள் ஏறக்குறைய தொண்ணூறு பங்கு ஆகிவிடுகிறது. வீடு கட்டுகிறவன் அஸ்திவாரம் போடும்போது சிமெண்டைத் திருடினால் பின்னால் வெள்ளையடித்துச் சரிசெய்ய முடியாது. தாய் கருவுற்றிருக்கும்போது அவளுக்கு அயோடின் சத்து மிகவும் குறைந்துபோனால் பிறக்கும் குழந்தையின் புத்தி வளர்ச்சி குன்றிப்போகிறது. இது இன்று உலகம் ஒப்புக்கொண்ட உண்மை. எத்தனையோ தலைமுறையாய் மலையடிவாரத்து ஊர்களில் புத்தி மந்தமாய்ப் பிறந்த குழந்தைகளைப் பார்த்து, "பிரமன் எழுதின எழுத்து" என்று சொல்லி வந்தார்கள். பிரமன் எழுத்தை அழித்தது எது? உப்பிலே சேர்த்த ஒரு துளி அயோடின்! பக்கத்துத் தூத்துக்குடி உப்பளத்து உப்பில் அதைக் கலந்து கொடுத்தால் மாறிவிடுகிற எழுத்துக்கு என்ன மரியாதை கொடுப்பது? அதேபோல் ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லாத பிள்ளைக்கு வகுப்பில் கவனம் நிற்பதில்லை. வாத்தியார் அதற்குக் கொடுக்கும் பெயர் சோம்பேறித்தனம்.

இதனாலேதான் சோறு போடும் திட்டத்தை நாம் படிப்பின் பாகமாகவே கருதுகிறோம். தர்மம் என்று கருதுவதில்லை. நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை நகரசபைப் பள்ளியில் தொடங்கியதும், இந்த ஊரில் 1903-ல் பிறந்த காமராஜர் முதல் மந்திரியாயிருந்து 1956-ல் மாகாணம் முழுவதற்கும் பரப்பியதும், 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு என்று விரித்ததும், 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலைச் சிற்றுண்டியாய் ஆரம்பித்ததும் எல்லாம் ஒரே வரிசை. காலையில் வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்கு முதல் மணிப் பாடம் எப்படி ஏறும்? ஏறவேண்டியது முதலில் இட்டிலி.

இப்போது ரத்தக் கதைக்கு வருவோம். ஞாபகசக்தி குறிப்பிட்ட பிறப்பாளருக்கே இயற்கையாய் வாய்த்தது என்பதற்கு வேதம் ஓதுவதை உதாரணம் காட்டுகிறார்கள். எழுத்தில்லாமலே இத்தனை ஆயிரம் அடிகளைக் காப்பாற்றி வந்தார்கள் என்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எப்படிக் காப்பாற்றினார்கள்? பதம், கிரமம், ஜடை, கனம் என்று ஓதும் முறைகள் வைத்திருக்கிறார்கள். ஜடை என்பதில் முதல் சொல், இரண்டாம் சொல், பிறகு இரண்டாவது, முதலாவது, மறுபடியும் முதலாவது, இரண்டாவது என்று முன்னும் பின்னுமாய்ச் சடை பின்னுவதுபோல் சொல்லவேண்டும். கனத்தில் இன்னும் அதிகம். சிறு வயதிலிருந்து, வேறு வேலையில்லாமல், சாப்பாட்டுக்குக் கவலையில்லாமல், வருஷக்கணக்கில் உட்கார்ந்து இப்படித் திருப்பித் திருப்பிச் சொன்னால் யாருக்குத்தான் வராது? ரத்தத்திலேயே இருக்கிறதென்றால் இத்தனை தடவை பின்னுவானேன்? ஆகவே அது தெய்வீகமல்ல, பயிற்சி. எபிங்ஹவுஸ் கணக்குப் போட்டதை அவர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டிருக்கிறார்கள். அந்த மட்டுக்குப் பாராட்டுவோம்.

ஆனால் அதே கூட்டத்தார் எழுதி வைத்த இன்னொரு ஏற்பாட்டையும் பார்க்கவேண்டும். கௌதம தர்ம சூத்திரம் என்ற நூலின் பன்னிரண்டாவது அத்தியாயத்தில், சூத்திரன் வேதம் ஓதுவதைக் காதால் கேட்டால் காதில் ஈயத்தையோ அரக்கையோ உருக்கி ஊற்றவேண்டும். வாயால் சொன்னால் நாக்கை அறுக்கவேண்டும். மனதில் ஞாபகம் வைத்திருந்தால் உடம்பைப் பிளக்கவேண்டும் என்று தண்டனை வகுத்திருக்கிறது. மூன்றாவதை யோசித்துப் பாருங்கள் தோழர்களே! ஞாபகம் வைத்திருப்பதற்குத் தண்டனை! சூத்திரன் மண்டையில் ஏறவே ஏறாது என்பது இயற்கையானால், ஏறினால் பிளக்கவேண்டும் என்று சட்டம் எதற்கு? மீன் பறக்கக்கூடாது என்று யாராவது சட்டம் செய்வார்களா? ஆகையால், காதில் ஒரு தடவை விழுந்தால்கூட எவன் மண்டையிலும் அது ஏறிவிடும் என்பது அந்தச் சட்டத்தை எழுதினவனுக்கு நிச்சயமாய்த் தெரிந்திருக்கிறது. நம் புத்தியைப் பற்றி நமக்கில்லாத நம்பிக்கை அவனுக்கு இருந்திருக்கிறது!

அந்தச் சட்டத்தின் பேரப்பிள்ளையைத்தான் 1953-ல் சென்னை ராஜ்யத்தில் பார்த்தோம். முதல் மந்திரி இராஜாஜி, ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரை வேளை பள்ளிக்கூடம், அரை வேளை அப்பன் செய்யும் தொழில் என்று ஏற்பாடு செய்தார். பெரியார் அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்துக் கிளர்ச்சி செய்தார். 1954-ல் காமராஜர் பதவிக்கு வந்து அதை எடுத்தார். தொழிலைக் கற்பது கேவலம் என்பது நம் கருத்தல்ல. அப்பன் தொழில்தான் பிள்ளைக்கு வரும் என்பதுதான் புரட்டு.

புரட்டு என்பதற்குச் சாட்சி தேடி வெளியூர் போகவேண்டியதில்லை. சிவகாசியைப் பாருங்கள். 1922-ல் அந்த ஊரிலிருந்து பி. அய்ய நாடார், அ. சண்முக நாடார் என்ற இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்வதைக் கற்றுக்கொண்டு 1923-ல் திரும்பிவந்து தொழில் வைத்தார்கள். சாஸ்திரமும் ஊர்வழக்கமும் அந்த ஜாதிக்குப் பனையேற்றம் என்றல்லவா எழுதி வைத்திருந்தன? கோயில் வாசலைக்கூட அடைத்து வைத்திருந்தார்களே! எந்த முப்பாட்டன் ரத்தத்தில் கந்தகமும் பொட்டாசும் கலக்கும் அளவு இருந்தது? பாஷை தெரியாத ஊரில் சில மாதம் கண்ணால் பார்த்து, கையால் செய்து கற்றதுதான். அதிலிருந்து பட்டாசு வந்தது. பெட்டிக்குப் படம் ஒட்டப்போய் அச்சுத்தொழில் வந்தது. மழையில்லாத ஓர் ஊர் தேசம் முழுவதற்கும் வெடியும் காலண்டரும் அனுப்பும் ஊராயிற்று.

விருதுநகர் மட்டும் குறைந்ததா? இது விருதுபட்டியாய் இருந்தபோதே, 1889-ல், க்ஷத்திரிய வித்தியாசாலை ஏற்பட்டது. மகமைப் பணமும் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியும் அதைத் தாங்கின. பெயர் நமக்குப் பிடித்த பெயரல்ல; ஆனால் காரியம் நல்ல காரியம். 1985-ல் தனி மாவட்டமான பிறகு, அரசாங்கப் பொதுத் தேர்வுகளில் தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டு தொடர்ந்து இந்த மாவட்டமே முதலில் நின்றது. கந்தக பூமி என்று ஏசப்படும் மண்ணில் எந்த ரத்தம் திடீரென்று மாறிற்று? பள்ளிக்கூடம் பக்கத்தில் வந்தது, சோறு வந்தது, வாத்தியார்கள் திருப்பித் திருப்பிப் பரீட்சை வைத்தார்கள். முன்னே சொன்ன மூடிவைத்துச் சொல்லிப் பார்க்கும் முறையேதான். (தேர்ச்சி விகிதத்தைக் காட்டிப் பிள்ளைகளை இரவும் பகலும் வாட்டுகிறவர்களை நாம் ஆதரிக்கவில்லை, தூக்கத்தைப் பற்றிச் சொன்னது அவர்களுக்கும் சேர்த்துத்தான்.)

ஆனால் இதே மாவட்டத்தில், இதே பெருமையின் பக்கத்திலேயே, தலைமுறை தலைமுறையாய்ப் பிள்ளைகள் விடியற்காலை வண்டியேறித் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனதையும் மறைக்கலாகாது. விரல் சிறியது, கூலி குறைச்சல், எதிர்த்துப் பேசாது. இதுதான் பிள்ளைகளை வைத்ததன் ரகசியம். 1986-ல் வந்த சட்டம் தீப்பெட்டி, வெடி, பட்டாசு வேலைகளில் பதினாலு வயதுக்குட்பட்டவர்களை வைப்பதைத் தடுத்தது. எம்.சி. மேத்தா தொடர்ந்த சிவகாசி வழக்கில் 1996 டிசம்பர் 10-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார், தடையை மீறிப் பிள்ளைகளை வைத்த முதலாளி பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று உத்தரவிட்டார்கள். இன்று ஆலைக்குள் பகிரங்கமாய்ப் பிள்ளைகளை உட்காரவைப்பது பெரும்பாலும் நின்றுபோயிருக்கிறது. போராடினவர்களுக்கு அது வெற்றிதான். ஆயினும் 2016-ல் அந்தச் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயமில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போகப் பிள்ளை உதவலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். பள்ளி நேரம் போக மிச்சமுள்ள நேரம் என்பது எது? சாயங்காலமும் இரவும். பாடத்தைத் திருப்பிப் பார்க்கிற நேரமும், விளையாடுகிற நேரமும், தூங்குகிற நேரமும் அதுதான். எபிங்ஹவுசின் முதல் ஒரு மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுகிற பிள்ளைக்குக் காலையில் என்ன மிச்சமிருக்கும்? அப்புறம், "ஏறவில்லை" என்கிறோம்.

இனி, கூட்டத்திலிருந்து வந்திருக்கிற சீட்டுகளுக்குப் பதில் சொல்லுகிறோம்.

"வல்லாரை சாப்பிட்டால் ஞாபகம் வளருமா?" என்று ஒரு தோழர் கேட்கிறார். கீரை நல்லது, சாப்பிடுங்கள். சில சிறு பரிசோதனைகள் நடந்திருக்கின்றன. ஆனால் அதை நம்பிப் படிப்பைக் குறைத்துக்கொள்ளலாம் என்னும்படியான ருஜு எதுவும் இல்லை. பரீட்சைக் காலத்தில் புட்டியில் அடைத்து விற்கிறவருக்கு மட்டும் பலன் நிச்சயம்.

"முன் ஜன்ம ஞாபகம் வந்த குழந்தைகளைப் பற்றிப் பத்திரிகையில் வருகிறதே, அதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?" என்று இன்னொரு சீட்டு. நாம் ஒன்று கேட்கிறோம். இந்தக் கூட்டத்தில் யாருக்காவது தம் தொட்டில் ஞாபகம் இருக்கிறதா? முதல் பல் முளைத்தது ஞாபகம் இருக்கிறதா? யாருக்கும் இராது. பெரியவர்களுக்கு எட்டுகிற முதல் ஞாபகம் சாதாரணமாய் மூன்று, மூன்றரை வயதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னே சம்பவங்களைச் சேர்த்து வைக்கும் மூளைப்பாகமும் பேச்சும் பக்குவப்படுவதில்லை. இந்த ஜன்மத்துத் தாய்ப்பாலே ஞாபகமில்லாதவனுக்குப் போன ஜன்மத்து விலாசம் எப்படித் தெரியும்? அன்றியும், ஞாபகம் என்பது பூட்டி வைத்த பெட்டியல்ல. ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் புதிதாய்க் கட்டிக்கொள்ளுகிறோம். கட்டும்போது பிறர் சொன்னதும், நாம் விரும்புவதும் செங்கல்லாய்ச் சேர்ந்துவிடும். பார்ட்லெட் என்ற ஆங்கிலேயர் 1932-லேயே இதை எழுதினார். ஒரு கதையைப் படித்துவிட்டுப் பல தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒவ்வொரு தடவையும், சொன்னவருக்குப் பழக்கமான மாதிரியாகக் கதை மாறிக்கொண்டே போயிற்று. சுற்றியிருக்கிறவர்கள் கேட்கிற கேள்வியே குழந்தைக்குப் பதிலைச் சொல்லிக் கொடுத்துவிடும். 1995 செப்டம்பர் 21-ல் பிள்ளையார் பால் குடித்தார் என்று தேசமே கரண்டியோடு நின்றதே, ஞாபகமிருக்கிறதா? சர்க்கார் விஞ்ஞானிகள் பாலில் சாயம் கலந்து, அது சிலையின் மேல் வழிந்து ஓடுவதைக் காட்டினார்கள். அன்றைக்கு ஒரு கரண்டி பாலைப் பார்த்தவரை இன்றைக்குக் கேட்டுப் பாருங்கள்; ஒரு செம்பு குடித்தது என்பார். அவர் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஞாபகம் அவருக்கே தெரியாமல் பாலை ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறது.

கடைசிச் சீட்டு ஓர் அம்மாளிடமிருந்து வந்திருக்கிறது; வேறொருவரைக்கொண்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். "எனக்கு ஐம்பது வயசு ஆகிறது. சின்ன வயசிலேயே தீப்பெட்டி ஆபீசில் போட்டுவிட்டார்கள். இனிமேல் எழுத்து வருமா?" என்று கேட்கிறார்கள்.

வரும் அம்மா. லண்டன் நகரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து பரீட்சை கொடுத்தால்தான் உத்தரவு கிடைக்கும். வளர்ந்த ஆண்களும் பெண்களும்தான் அதைப் படிக்கிறார்கள். 2000-த்திலும் 2011-லும் வெளிவந்த ஆராய்ச்சிகளில் அவர்கள் மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, வழி ஞாபகத்துக்கான பாகம் அந்தப் படிப்பினால் பெரிதாகியிருந்தது. வயது வந்த பிறகும் மூளை பழகப் பழக மாறுகிறது. லண்டன் தூரமானால் புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991, 92-ல் அறிவொளி இயக்கத்தில் கல் உடைக்கிற பெண்களும் வயலில் வேலை செய்கிற பெண்களும் ஆயிரக்கணக்கில் எழுத்துக் கற்றார்கள். அதோடு நில்லாமல் சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள். சிறு பிள்ளையைவிட உங்களுக்குக் கொஞ்சம் அதிக நாள் பிடிக்கலாம். ஆனால் சிறு பிள்ளைக்குத் தெரியாத ஆயிரம் சொற்கள் உங்கள் மனதில் முன்னமே இருக்கின்றன. நீங்கள் கற்கவேண்டியது அவைகளின் உருவத்தை மட்டுமே. முதலில் உங்கள் பெயரின் எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கால் மணி, சாயங்காலம் கால் மணி. ஒரே நாளில் அதிகம் வேண்டாம். பார்த்து எழுதிவிட்டு, மூடிவைத்துவிட்டு எழுதிப் பாருங்கள். மறந்துபோகும், அடுத்த நாள் மறுபடியும் பாருங்கள். பக்கத்து வீட்டில் ஐந்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் அதையே வாத்தியாராய் வைத்துக்கொள்ளலாம். சொல்லிக் கொடுப்பதனால் அதற்கும் பாடம் நிற்கும். அடுத்த கூட்டத்துக்குச் சீட்டை நீங்களே எழுதி அனுப்புங்கள்.